கூரையைத் திறங்கள்

வண்டியிலேயே படுக்கையும் அடுப்புமாகக் கொல்லிமலைக்கு வருகிறவர்களே, அப்படிப்பட்ட வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர்களே, அவற்றுக்குப் பாடி கட்டித் தருகிற பட்டறைக்காரர்களே, மலையில் ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ள இடம் கொடுக்கிறவர்களே, உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் மலையேறுவதற்குள் அந்த வண்டிகளின் கூரையில் உட்கார்ந்திருக்கும் ஏசியை இறக்கிவிடுங்கள். அது இருந்த ஓட்டையில் வெளிச்சமும் காற்றும் வருகிற மாதிரி ஒரு திறப்பைப் பொருத்துங்கள். நம் டவுன் பஸ்களின் கூரையில் தூக்கி வைக்கிற மூடி ஒன்று இருக்குமே, அந்த வகை. மூடி மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிறதாக இருக்கட்டும், அடியில் கொசுவலையும் ஒரு சின்ன மின்விசிறியும் இருக்கட்டும். அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது.

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஊர் சுற்ற வந்தவர்கள் அல்ல, அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நிற்கிற வண்டியில் ஏசி ஓட வேண்டுமானால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் சோதனை செய்து கண்டறிந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எதுவும் மோதவில்லை. சாலையில் போகிறவர் வருகிறவர் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வாயுவைப் பற்றி மலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தை லேசில் விடாது. மூச்சு ஒழுங்காகத்தான் போய் வரும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. விழித்திருப்பவருக்கு முதலில் தலை வலிக்கும், குமட்டும், கிறுகிறுக்கும், கால் தள்ளாடும்.

இங்கேதான் கொல்லிமலைக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவருக்குத் தலைவலியும் குமட்டலும் புதிதல்ல. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் சோளக்காடு வந்து சேர்கிறார்கள். ராத்திரி வண்டிக்குள் அதே தலைவலி வந்தால் என்ன நினைப்பார்? “வளைவு வேலையைக் காட்டிவிட்டது, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்றுதான் நினைப்பார். கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். எழுந்து வெளியே வந்திருக்க வேண்டிய நேரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். ஆகவே இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தலை வலித்தால், அதிலும் வண்டிக்குள் இருக்கிற இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல வலித்தால், அது வளைவின் வேலைதான் என்று இருந்துவிடாதீர்கள். உடனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஏசி போட்டால் நல்ல காற்று வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. கூரை ஏசியும் சரி, வீட்டுச் சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசியும் சரி, உள்ளே இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப உள்ளேயே விடுகின்றன. வெளிக்காற்றில் ஒரு மூச்சுகூட அவற்றின் வழியே வருவதில்லை. ஏசி நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக நாம் கண்ணாடியை ஏற்றுகிறோம், கதவிடுக்கில் ரப்பர் பீடிங் ஒட்டுகிறோம், திரையை இழுத்துவிடுகிறோம். நான்கு பேர் மூச்சு விடுகிற ஒரு தகரப் பெட்டியை இப்படி நாலாபக்கமும் அடைத்துவிட்டு, அதன் வயிற்றுக்கடியில் ஒரு பெட்ரோல் என்ஜினை ஓடவிடுகிறோம். வெறும் குளிர்ச்சிக்காக.

அதுவும் எந்த ஊரில்? கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். கீழே நாமக்கல் கொதிக்கிற சித்திரையிலேயே மேலே செம்மேட்டில் சாயங்காலம் வாசலில் உட்கார முடிகிறது. ஆடியிலோ மேல்காற்று சில்லென்று வீசும். மார்கழியில் கம்பளி இல்லாமல் ராத்திரி கழியாது. இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக வீடு கட்டிக் காலம் கழித்தவர்கள். குளிருக்கு அணைப்பாகத்தான் வீட்டை அமைத்தார்களே தவிர, வெக்கைக்குப் பயந்து அல்ல.

“அப்படியானால் வண்டிக்குள் ஏன் புழுங்குகிறது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பகல் முழுக்க வெயிலில் நின்ற தகரக் கூரை சூட்டைக் குடித்து வைத்திருக்கிறது. சூடான காற்று மேலே ஏறிக் கூரைக்கடியில் தேங்கி நிற்கிறது. போக வழியில்லை. வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிர், உள்ளே முதுகில் வியர்வை. அந்தச் சூடான காற்றை வெளியே அனுப்பிவிட்டு மலைக்காற்றை உள்ளே விட்டால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகிற விஷயம். அதற்குக் கூரையில் ஒரு வாசல் போதும். கீழே, நிழல் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க, மேலே மூடி திறந்திருந்தால் சூடு தானே ஏறிப்போகும். குளிர்ந்த காற்று தானே உள்ளே வரும். நம் ஊர் முற்றங்களும், சமையல்கட்டுக் கூரையின் புகைபோக்கியும் இதே முறையில்தான் வேலை செய்தன. ஈரானில் யஸ்து நகரத்தின் காற்றுக் கோபுரங்களும் பாலைவன வெயிலில் வீடுகளை மின்சாரமே இல்லாமல் குளிர வைத்தன.

கணக்கும் பார்ப்போம். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் தின்னும். அதைச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் ராத்திரி முழுக்க ஓட்டினால் ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் போகும். கூரைத் திறப்பில் இருக்கிற 12 வோல்ட் மின்விசிறிக்கு 30 வாட் போதும். எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான். பேட்டரியே தாங்கும், ஜெனரேட்டர் வேண்டாம். ஜெனரேட்டர் இல்லையென்றால் வடகரையில் நடந்தது இங்கே நடக்கிற ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். நான் ஏசியை இறக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், இந்த மலையில் வீடு வாசலோடு இருக்கிறவர்கள். மிளகும் காப்பியும் பயிரிட்டு, விடியற்காலையில் எழுந்து சந்தைக்குச் சுமை கட்டுகிறவர்கள் வீட்டுக்கு இருபதடி தள்ளி நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க ஜெனரேட்டரை அலறவிடுகிறீர்கள். வாடகை கொடுத்தோம் என்கிறீர்கள். இடத்துக்கு வாடகை கொடுத்தீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்துக்குக் கொடுக்கவில்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கப் போகிறது. இதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் தப்பாகச் செய்தால் செய்யாததைவிட மோசம்.

கேரவன்களுக்கென்றே வருகிற ஒற்றைப் பெட்டி ஏசி, பொதுவாக 14 அங்குலச் சதுர ஓட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட்டுகள் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். கூரைத் திறப்புகளும் அதே 14 அங்குல அளவில் கிடைக்கின்றன. அதனால் கூரையை வெட்ட வேண்டியதில்லை. மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, போல்ட்டை எடுத்தால் பெட்டி விடுபடும். 35 முதல் 45 கிலோ எடை இருக்கும். இரண்டு பேர் மேலே, ஒருவர் கீழே என்று நின்று தூக்கி இறக்குங்கள், கூரைமேல் இழுக்காதீர்கள். இறக்கிய பிறகு அந்த ஓட்டையின் விளிம்பை உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் பழைய ரப்பர் கேஸ்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கி, அதனடியில் தகரம் துருவேறி, பிளைவுட் கறுத்து ஊறிப்போயிருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அந்த ஊறிய பலகையின் மேலேயே புதுத் திறப்பை வைத்துத் திருகாதீர்கள். பலகையை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு வையுங்கள். சட்டத்துக்கடியில் சுற்றிலும் பியூட்டைல் டேப், திருகுகளின் தலைமேல் சீலன்ட். மழை வருமுன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

மூடியின் கீல் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும், மூடி பின்பக்கமாகத் திறக்க வேண்டும். மாற்றி வைத்தால், மறந்து திறந்தபடியே ஓட்டுகிற ஒரு நாளில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கொல்லிமலையில் வண்டி நின்றுகொண்டிருந்தால்கூட ஆடிக் காற்று அதைச் செய்யும். மூடி பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். மலிவான பிளாஸ்டிக் இரண்டு கோடையில் மஞ்சளித்து வெடித்துவிடும். ஏசிக்குப் போய்க்கொண்டிருந்த 230 வோல்ட் ஒயரைக் கூரைக்குள் அப்படியே சுருட்டிப் போடாதீர்கள். ஸ்விட்ச் போர்டிலிருந்தே கழற்றி எடுங்கள். விசிறிக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, அந்த அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டினால், தளத்தில் இருக்கிற ஓட்டைகள், ஒயர் போகிற இடுக்குகள் வழியாக அது இழுக்கும். பக்கத்தில் யாராவது என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தப் புகையையும் சேர்த்து இழுக்கும். ஆகவே விசிறி ஓடும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்தில் படுக்கவே கூடாது. தளத்தின் ஓட்டைகளைத் தேடித் தேடி அடையுங்கள். தலை வைத்துப் படுக்கிற உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். கூரைத் திறப்பு வந்துவிட்டதே என்று அலாரத்தை விட்டுவிடாதீர்கள்.

கழற்றிய ஏசியை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போட்டால் கடைக்காரர் சம்மட்டியால் ஒரே போடு, செம்புக் குழாயை உருவிக்கொள்வார். உள்ளே இருந்த கேஸ் காற்றில் கலந்துவிடும். ஏசிகளில் பரவலாக இருக்கிற ஆர்-410ஏ என்கிற கேஸ், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு வலுவுள்ளது. ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 900 லிட்டர் பெட்ரோல் எரித்த கேட்டுக்குச் சமம். காற்று நல்லது என்று ஏசியை இறக்கிவிட்டு அந்தக் காற்றிலேயே இதைத் திறந்துவிடலாமா? ஒற்றைப் பெட்டி ஏசியானால் குழாய் எதையும் வெட்டாமல் முழுசாக இறக்குங்கள், கேஸ் உள்ளேயே இருக்கும். வீட்டு ஸ்பிளிட் ஏசியை வண்டியில் மாட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் கேஸை லாக் பண்ணச் சொல்லுங்கள். வெளி யூனிட்டின் சின்ன வால்வை மூடி, கம்ப்ரஸரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, பெரிய வால்வையும் மூடினால் கேஸ் வெளி யூனிட்டுக்குள் அடங்கிவிடும். பஸ் வகை ஏசி என்றால் கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கிற மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகளில் ஏசியும் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படையுங்கள். இவ்வகைக் கேஸ்களைக் குறைப்பதாக உலக நாடுகள் 2016இல் கிகாலியில் உடன்பட்டன, இந்தியாவும் 2021இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வாக்கு டெல்லியில் கொடுக்கப்பட்டது என்றாலும், அதைக் காப்பாற்றுவது ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ ஸ்பேனரைக் கையில் பிடித்திருக்கிற ஒருவர்தான்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாமக்கல் லாரிக்காரர்கள் ஊர். வைகாசி வெயிலில் நாகபுரி தாண்டி ஓட்டுகிற டிரைவரின் கேபினுக்குள் இருக்கிற சூட்டை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசு விதித்தது நூற்றுக்கு நூறு சரி, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். சமவெளியில் கோடையில் தங்குகிற வண்டிக்கு ஏசி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் இணைப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஓட்டுங்கள், கூரையில் வேறோர் இடத்தில் திறப்பையும் வையுங்கள். மலையேறும்போது டிரைவர் பக்கத்து ஏசி என்ஜினோடு ஓடுகிறது, அது போதும். வண்டி நின்ற பிறகு, இந்த மலையில், ராத்திரியில், ஏசிக்கு வேலை இல்லை.

வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்வது தெரியும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய வண்டி, ஏசி இல்லை என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பீர்கள். கேட்கிறவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மலையில் தேவைப்படாது, படுத்துக்கொண்டே வானத்தைப் பார்க்கலாம், ராத்திரி சத்தம் இருக்காது என்று சொல்லுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒத்துக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன். ஒத்துக்கொள்ளாத இரண்டு பேருடைய வாடகை போகட்டும். உங்கள் டிரைவரும் கிளீனரும் அந்த வண்டியிலேதான் படுக்கிறார்கள். வடகரையில் போனவர்கள் யார் என்று மறுபடி நினைத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரர்களுக்கு: கரூரிலும் நாமக்கல்லிலும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டிக் கட்டி உலகறிந்த கைகள் உங்களுடையவை. வரைபடம் கொண்டுவருகிறவர் கேட்டபடியே செய்து தருவது மட்டும் தொழில் இல்லை. படுக்கைக்குக் கீழே ஜெனரேட்டர் பெட்டி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முடியாது என்று சொல்லுங்கள். பக்கத்துப் பட்டறைக்குப் போவார் என்றால் அங்கேயும் அதே பதில் கிடைக்கிற மாதிரி உங்களுக்குள் பேசி வையுங்கள்.

மலையில் கன்டெய்னர் அறை, கண்ணாடி அறை என்று கட்டிக்கொண்டே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். திறக்காத கண்ணாடியைச் சுவர் முழுக்கப் பதித்துவிட்டு ஸ்பிளிட் ஏசி மாட்டாதீர்கள். கூரை உச்சியில் திறப்பு வையுங்கள். மார்கழிக் குளிரில் விருந்தாளி கரியடுப்பை அறைக்குள் கொண்டுபோக விடாதீர்கள். அணைந்த மாதிரி தெரிகிற கரியும் இதே வாயுவைத்தான் விடுகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் ஒரு விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கிய கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, இறந்தார்கள். அவர்கள் குளிருக்காகச் சாத்தினார்கள், கேரவனில் ஏசிக்காகச் சாத்தினார்கள். இரண்டு இடத்திலும் காற்றுக்கு வழி இல்லை.

கடைசியாக, வண்டி நிறுத்த இடம் கொடுக்கிறவர்களுக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு சுற்று வாருங்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கத்தைக் கெடுத்ததாகத் திட்டினால் திட்டட்டும். தட்டியும் பதில் இல்லை என்றால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணாடியை உடையுங்கள். எல்லாக் கதவையும் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஆளை இழுத்து வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் உள்ளே நிற்கக் கூடாது. 108க்குச் சொல்லும்போதே “ஜெனரேட்டர் புகை, ஆக்சிஜன் வேண்டும்” என்று சொல்லுங்கள். கண் விழித்து, தலைவலிதான், படுத்தால் சரியாகும் என்று அவரே சொன்னாலும் படுக்கவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மலையிலிருந்து நாமக்கல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டியைக் கிளப்ப விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.